வந்தவரும் வாராதவரும்

பதினொருவர் ஆட வேண்டிய ஆட்டத்திற்கு எட்டுப் பேரே வந்து சேர்ந்தால், அந்த எண்மரும் களத்தில் இறங்க வேண்டுமா, வீடு திரும்ப வேண்டுமா? வாராத மூவர் செய்தது பிழையா, அன்றி அவரவர் வசதியா? இவ்வினாக்களைக் கண்டவுடன் வாசகர்களில் சிலர் புன்னகை புரியக்கூடும். கிராமத்துப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமையில் ஆடும் கிரிக்கெட்டில் அறத்தை ஆராய்வதற்கு என்ன இருக்கின்றது என்று கேட்கவும் கூடும்.

இருக்கின்றது என்பதே நமது துணிபு. வேலைக்குச் செல்பவனைக் கூலி இழுக்கின்றது. நீதிமன்றத்திற்குச் செல்பவனைச் சட்டம் இழுக்கின்றது. திருமணத்திற்குச் செல்பவனை, போகாவிட்டால் உறவினர் என்ன சொல்வார்களோ என்னும் அச்சம் இழுக்கின்றது. இவற்றிலெல்லாம் கடமையுணர்வு எவ்வளவு, பிற உணர்வுகள் எவ்வளவு என்று பிரித்துக் காண்பது எளிதன்று. கிராமத்து ஆட்டக்காரனை இழுப்பதற்கோ, 'வருகிறேன்' என்று அவன் சொன்ன சொல்லைத் தவிர வேறொன்றும் இல்லை. கூலியும் தண்டனையும் இல்லாத இடத்தில் ஒரு சொல்லுக்கு எவ்வளவு எடை உண்டு என்பதை அறிய விரும்புவோர்க்கு இதனினும் தெளிவான துலாக்கோல் கிடைப்பது அரிது.

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியை நினைத்துப் பாருங்கள். மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களில் ஊருக்கு ஊர் கண்மாய் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறையும் கண்மாய், கோடை நெருங்க நெருங்க வற்றுகின்றது. வற்றிய இடத்தில் கருவேல முட்களை அகற்றி, இறுகிய வண்டலைச் செதுக்கி, நடுவில் 22 கஜம் அளந்துவிட்டால் ஆடுகளம் ஆயத்தம். நகரத்தில் ரேஸ் கோர்ஸ் மைதானமும் கல்லூரி மைதானங்களும் உள்ளன. சங்கம் நடத்தும் லீக் ஆட்டங்கள் தோல் பந்தோடும் நடுவர்களோடும் முறையாக நடைபெறுகின்றன. கிராமத்திற்கு ஒரு டென்னிஸ் பந்தும், ஊர்ப் பெரியவர் எவரேனும் அளிக்கும் கோப்பையும், ஓர் ஒலிபெருக்கியும் போதும். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் முதலியோர் வானொலியில் இனிய தமிழில் வருணித்த நாள்களில் ஆங்கிலம் அறியாத இல்லங்களிலும் இடம் பிடித்த ஆட்டம் அன்றோ இது!

இவ்வாட்டங்களுக்குச் சனியும் ஞாயிறுமே நாள். ஆனால் ஞாயிறு எல்லோருக்கும் ஓய்வு நாள் அன்று. மல்லிகைத் தோட்டத்துப் பிள்ளை விடியுமுன் மொட்டுப் பறித்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு அனுப்பியாக வேண்டும். கடைச் சிப்பந்திக்கு அன்றுதான் வியாபாரம் மிகுதி. ஆலைத் தொழிலாளிக்கு ஷிப்டு மாறி மாறி வரும். அரசுப் பணித் தேர்வுகளும் பெரும்பாலும் வார இறுதியிலேயே வருகின்றன. அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரை நாள்களிலும், தைப் பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல்கள் திறக்கும் நாள்களிலும் பதினொருவரைத் திரட்டுவது பெரும்பாடு. நோன்பு மாதத்து நண்பகலில் நம் வீட்டுப் பிள்ளைகளை ஓடச் சொல்லவும் முடியாது. இவை அனைத்திற்கும் மேலாக, பட்டியலில் பெயர் இருந்தும் ஊரில் ஆள் இல்லாத நிலை ஒன்று உண்டு. ஒருவன் திருப்பூரில் இருப்பான். ஒருவன் சென்னையில் இருப்பான். ஒருவன் துபாயில் இருப்பான். எஞ்சிய எண்மர் கண்மாய்க் கரையில் நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்நிலைக்கு ஆட்டத்தின் விதி என்ன சொல்கின்றது? கிரிக்கெட்டின் விதிகளைப் பேணி வருவது 1787இல் தோன்றிய எம்.சி.சி. என்னும் இங்கிலாந்துக் கழகம். விதிகளில் முதலாவதே ஆட்டக்காரரின் எண்ணிக்கையைப் பற்றியது. ஓரணிக்குப் பதினொருவர் என்று கூறும் அவ்விதி, இரு தரப்பாரும் உடன்பட்டால் அதற்குக் குறைந்தோ கூடியோ ஆடலாம் என்கின்றது. களத்தடுப்பில் ஒரே நேரத்தில் பதினொருவருக்கு மேல் நிற்கலாகாது என்று மட்டும் வரம்பு கட்டுகின்றது. கால்பந்தில் ஓரணி எழுவருக்கும் கீழே குறைந்தால் ஆட்டமே நடவாது. போட்டி நடத்துவோர் தத்தமக்கென வேறு வரையறைகளை வைத்துக்கொள்ளலாமெனினும், கிரிக்கெட்டின் மூலவிதி அத்தகைய அடிக்கோடு எதனையும் வரையவில்லை. 'உடன்பாடு' என்னும் ஒரு சொல்லோடு அது நின்றுவிடுகின்றது. அதாவது, ஆள் குறைந்த வேளையில் செய்ய வேண்டியது யாது என்னும் பொறுப்பை விதி தன் தோளிலிருந்து இறக்கி, வந்திருக்கும் மனிதர்களின் மனச்சான்றில் வைத்துவிடுகின்றது. அறம் தொடங்குவது அங்கேதான்.

முதலில் வாராதவரின் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். 'பதினொருவரில் நான் ஒருவன். நான் போகாவிட்டால் பதினொன்றில் ஒரு பங்குதானே குறையும்?' என்பது அவர் போடும் கணக்கு. அக்கணக்குத் தவறு. மட்டை பிடிக்க எப்போதும் இருவர் வேண்டும். பத்து விக்கெட்டுகள் வீழ்ந்தவுடன் இன்னிங்ஸ் முடிகின்றதே, எதனால்? பதினொன்றாமவர் ஆட்டமிழந்ததனால் அன்று. அவருக்குத் துணை இல்லாமற் போனதனால். எண்மர் கொண்ட அணிக்கு ஏழாவது விக்கெட்டோடு எல்லாம் முடிந்துவிடும். எட்டாமவர் எவ்வளவு திறமாக ஆடிக்கொண்டிருந்தாலும் மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியேற வேண்டியதுதான்.

1976 ஏப்ரலில் ஜமைக்காவின் சபீனா பார்க்கில் இந்திய அணிக்கு நேர்ந்தது இதுவே. மேற்கிந்தியத் தீவுகளின் வேகப்பந்துகளில் அடிபட்டவர்களும், களத்தடுப்பில் கைக்காயம் அடைந்தவர்களுமாக ஐவர் மட்டை பிடிக்க இயலாமற் போயினர். இரண்டாம் இன்னிங்ஸில் வீழ்ந்தவை ஐந்தே விக்கெட்டுகள். எனினும் 97 ஓட்டங்களோடு இன்னிங்ஸ் முடிவுற்றது. எதிரணிக்கு வேண்டியிருந்தவை வெறும் 13 ஓட்டங்கள். அன்று இல்லாமற் போனவர்கள் உடல் நொந்தவர்கள். அவர்கள்மீது எவரும் குறை கூறுவதற்கில்லை. ஆனால் கணக்கு அதே கணக்குத்தான். இல்லாதவர் தம்மை மட்டும் கழித்துக்கொள்வதில்லை. இருப்பவரின் ஆட்டத்தில் ஒரு பகுதியையும் தம்மோடு எடுத்துச் சென்றுவிடுகின்றார்.

பந்து வீச்சிலும் இந்நிலையே. 20 ஓவர் ஆட்டத்தில் ஒருவர் நான்கு ஓவர்களுக்கு மேல் வீசலாகாது என்பது பொதுவான முறை. அப்படியானால் எண்மருக்குள்ளேயே ஐந்து பந்து வீச்சாளரையும் ஒரு விக்கெட் காப்பாளரையும் கண்டெடுத்தாக வேண்டும். வீசுபவரும் காப்பாளரும் நீங்கலாக ஒன்பதின்மர் காக்க வேண்டிய நிலத்தை அறுவர் காக்கின்றனர். சித்திரை வெயிலில், நிழல் இல்லாத கண்மாய்த் தரையில், அந்த அறுவர் ஓடுகின்ற ஒவ்வொரு கூடுதல் அடியும் யாரோ ஒருவர் வீட்டில் படுத்திருந்ததன் விலை.

'நான் சுமாரான ஆட்டக்காரன்தானே, நான் போய் என்ன ஆகப் போகின்றது?' என்று சொல்பவரும் உண்டு. அவருக்கு இரண்டு நிகழ்ச்சிகளை நினைவூட்டலாம். 1963இல் லார்ட்ஸ் மைதானத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக இங்கிலாந்தின் ஒன்பதாவது விக்கெட் வீழ்ந்தபோது இரண்டே பந்துகள் எஞ்சியிருந்தன. முன்னரே கை எலும்பு முறிந்து கட்டுப்போட்டிருந்த கௌட்ரி களத்தினுள் நடந்து வந்தார். அவர் ஒரு பந்தையும் சந்திக்கவில்லை. மறுமுனையில் நின்றார், அவ்வளவே. அந்த நிலையினால்தான் ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. 1983 ஜூன் 18 அன்று, உலகக் கோப்பையில் ஜிம்பாப்வேக்கு எதிராக 17 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகளை இழந்து தத்தளித்த இந்தியாவைக் கபில்தேவ் 175 ஓட்டங்கள் குவித்துக் கரையேற்றினார் என்பதை நாடே அறியும். அன்று ஒன்பதாவது விக்கெட்டுக்கு இருவரும் பிரியாமல் சேர்த்தவை 126 ஓட்டங்கள். அவற்றுள் பெரும்பகுதி கபில்தேவுடையது. சென்னையில் பிறந்த சையத் கிர்மானி 24 ஓட்டங்களோடு மறுமுனையில் நின்றார். அவர் நின்றிராவிட்டால் அந்த 175 ஏது? நிற்பதும் ஒரு பங்களிப்பே. சில நாள்களில் அதுவே தலையாய பங்களிப்பு.

ஆயினும் வாராதவர் அனைவரையும் ஒரே தராசில் நிறுத்துவது நீதியாகாது. பிழைப்புக்காகத் திருப்பூர் சென்றவனையும், தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவனையும், சோம்பலால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டவனையும் ஒன்றாக வைப்பார் உளரோ? ஆனால் காரணத்தின் உயர்வு தாழ்வைக் காட்டிலும் நாம் உற்று நோக்க வேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. வர இயலாது என்பதை முன்னரே சொன்னவன் ஒருவன். சொல்லாமலே இருந்துவிட்டவன் ஒருவன். முன்னவன் தன் தோழர்களிடம் ஒரு முடிவை ஒப்படைக்கின்றான். அவர்கள் வேறு ஆளைத் தேடலாம். எதிரணியிடம் நாளை மாற்றக் கேட்கலாம். அல்லது எண்மராகவே ஆடுவது என்று உளம் துணியலாம். பின்னவனோ அந்த முடிவெடுக்கும் உரிமையையே அவர்களிடமிருந்து பறித்துவிடுகின்றான். 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இருந்த இந்திய அணித் தலைவர் விராட் கோலி, முதல் டெஸ்டுக்குப் பின் தம் முதற் குழந்தையின் பிறப்பை ஒட்டி நாடு திரும்பினார். அந்த டெஸ்டில் இந்தியா 36 ஓட்டங்களுக்குள் சுருண்டிருந்தது. ஆனால் அவர் செல்லவிருப்பது சுற்றுப்பயணம் தொடங்குமுன்பே தெரிவிக்கப்பட்டு, இசைவும் பெறப்பட்டிருந்தது. ஆகவே அது பிரிவாக இருந்ததேயன்றிக் கைவிடுதலாக இருக்கவில்லை. கண்மாய்க் கரை அணியிலும் இதே அளவுகோல்தான். வராமல் இருப்பது பல வேளைகளில் குற்றமன்று. காத்திருக்க வைப்பது குற்றம்.

அப்படியாயின், சொல்லாமல் நின்றவனுக்கு அபராதம் விதித்தால் என்ன? சில குழுக்களில் அவ்வழக்கம் உண்டு. இதற்கு விடை தேட நாம் வேறெங்கும் செல்ல வேண்டுவதில்லை. அவர்கள் ஆடும் நிலமே விடை கூறும். அக்கண்மாய்கள் ஒரு காலத்தில் குடிமராமத்து முறையால் பேணப்பட்டவை. கரையை உயர்த்தவும் வரத்துக்காலைத் தூர் வாரவும் ஊரார் தத்தம் உழைப்பை ஈந்தனர். அவ்வழக்கம் தளர்ந்தபோது, 1858இல் ஆங்கில அரசு சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டத்தை இயற்றி, வழக்கமான உழைப்பை அளிக்கத் தவறியவரிடம் தண்டத் தொகை பெற வழி செய்தது. சட்டம் ஏட்டில் இருந்தும், அதற்குப் பிந்திய காலத்தில் கண்மாய்கள் தூர்ந்து கொண்டுதான் போயின; 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்க வேண்டிய நிலை வந்தது. தண்டம் வசூலிக்கலாம், வருகின்ற மனத்தை வசூலிக்க முடியாது. அபராதம் கட்டிவிட்டவன் தன் கடன் தீர்ந்தது என்று கருதுவான். கரையில் காத்திருந்த எண்மரின் காலைப் பொழுதோ திரும்பி வாராது.

இனி, வந்தவரின் பக்கம். ஆள் குறைந்த அணித்தலைவனுக்கு மூன்று சபலங்கள் எழுவதுண்டு.

ஒன்று, வெளியூர்த் திறமையாளன் ஒருவனை அழைத்து, வாராதவன் பெயரில் ஆட வைப்பது. எண்ணிக்கை நிறைந்துவிடும், ஆட்டமும் வெல்லலாம். ஆனால் எட்டுப் பேர் என்பது ஒரு குறை. ஆள் மாறாட்டம் ஒரு பொய். குறையைப் பொய்யால் நிரப்புபவன் குறையைத் தீர்ப்பதில்லை, மறைக்கின்றான். மேலும், பெயரை இரவல் கொடுத்தவன் அடுத்த வாரமும் வரத் தேவையில்லை என்றாகிவிடுகின்றது.

இரண்டு, அருகில் நிற்கும் சிறுவனை இழுத்து வந்து எல்லைக்கோட்டோரம் நிறுத்துவது. நம் பிள்ளை விளையாட்டுகளில் 'ஒப்புக்குச் சப்பாணி' என்று ஒரு வழக்குண்டு. கணக்கில் இருப்பான், ஆட்டத்தில் இரான். சிறுவனைச் சேர்ப்பது தவறன்று. பல நல்ல ஆட்டக்காரர் உருவான கதை அப்படித்தான் தொடங்கியிருக்கும். ஆனால் அவனை வெறும் எண்ணாக மட்டும் கொள்வது தவறு. வெயிலில் இரண்டு மணி நேரம் பந்து பொறுக்கியவனுக்கு மட்டை பிடிக்கவும் முறை தர வேண்டும்; தோற்றால் அவன் தலையில் பழி போடாதிருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லையெனில், நமது தேவைக்காக ஒரு மனிதனைப் பயன்படுத்திக்கொண்டோம் என்பதே பொருள்.

மூன்றாவது சபலம், திரும்பிச் சென்றுவிடுவது. பார்வைக்கு இது நியாயமாகவே தோன்றும். வெற்றிக்கு வழியில்லை என்று தெரிந்தும் ஏன் ஆட வேண்டும்? இதற்கு விடை சொல்லுமுன் எதிரணியையும் ஒரு கணம் பார்த்துவிடுவோம். முழுப் பதினொருவரோடு வந்து நிற்கும் அவர்கள், ஆடாமலே வெற்றியைக் கேட்டுப் பெறலாம். போட்டி விதி அதற்கு இடமும் தரலாம். அன்றி, மட்டை பிடிக்கக் காத்திருக்கும் தம்மவரில் இருவரைக் களத்தடுப்புக்கு இரவல் தந்து, 'வாருங்கள், ஆடுவோம்' என்றும் கூறலாம். இரண்டாவதைச் செய்பவர் ஒரு புள்ளியை இழக்கக்கூடும். ஆனால் விதி கேட்ட 'உடன்பாடு' என்னும் சொல்லுக்கு உயிர் கொடுத்தவர் அவரே. நம் மண்ணின் கபடியில் ஆள் குறைவது ஆட்டத்தின் ஓர் அங்கம். களத்தில் மூவரோ அதனினும் குறைந்தவரோ எஞ்சியிருக்கும்போது பாடி வருபவரைப் பிடித்துவிட்டால் ஒரு புள்ளிக்கு இரண்டு புள்ளி தரும் விதி இன்றைய தொழில்முறைக் கபடியில் உண்டு. சிலராய் நிற்பவரின் உழைப்புக்கு மதிப்புக் கூடுதல் என்று அவ்விதி ஏற்றுக்கொள்கின்றது. கிரிக்கெட் விதி தராத அந்த மதிப்பை எதிரணியின் பெருந்தன்மைதான் தர வேண்டும்.

திரும்பிச் செல்வதா என்னும் வினாவுக்கு வருவோம். ஆள் குறைந்த அணி அருஞ்செயல் புரிவதுண்டு. 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் முன்னணிப் பந்து வீச்சாளர் பலரைக் காயத்தால் இழந்திருந்த இந்தியா, பயிற்சிப் பந்து வீச்சாளராக அழைத்துச் செல்லப்பட்டிருந்த சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனையும், சென்னையின் வாஷிங்டன் சுந்தரையும் முதன்முறையாக டெஸ்டில் இறக்கியது. இருவரும் முதல் இன்னிங்ஸில் மும்மூன்று விக்கெட்டுகள் வீழ்த்தினர். சுந்தர் மட்டை பிடித்து 62 ஓட்டங்களும் சேர்த்தார். 328 ஓட்ட இலக்கை எட்டி இந்தியா வென்றது. டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த கிராமத்துப் பிள்ளை நடராஜன் என்பதால் நம் கண்மாய்க் கரைகளில் அவ்வெற்றி தனி மகிழ்ச்சி தந்தது இயல்பே. ஆனால் இதனைக் காட்டி, 'எண்மராயினும் வெல்வீர்கள்' என்று நாம் ஆசை காட்ட மாட்டோம். பிரிஸ்பேனில் ஆடியவர்கள் பதினொருவர். அவர்களுக்குப் பின்னே ஒரு பெரிய நாட்டின் பயிற்சி ஏற்பாடுகள் இருந்தன. கிராமத்தில் பதினொருவரை எதிர்க்கும் எண்மர் பெரும்பாலும் தோற்கவே செய்வர். இதை ஒளிக்க வேண்டுவதில்லை.

எனினும் அவர்கள் ஆட வேண்டும் என்பதே நமது கருத்து. தோல்வியினால் எந்தக் குழுவும் கலைந்ததில்லை. தோற்ற அணி அடுத்த வாரம் மீண்டும் வரும். வந்தவர்கள் ஆடாமல் திரும்பிய குழுவோ மெல்ல மெல்லக் கலைகின்றது. இந்த ஞாயிறு எட்டுப் பேர் வந்து, ஆட்டமின்றித் திரும்பினால், அடுத்த ஞாயிறு அவர்களில் இருவர், 'போன வாரம் போல ஆகிவிட்டால்?' என்று ஐயுற்று நின்றுவிடுவர். வருகையின்மேல் இருந்த நம்பிக்கை அற்றுப் போகின்றது. ஆடிவிட்டால், 'எத்தனை பேர் வந்தாலும் ஆட்டம் உண்டு' என்பது உறுதியாகின்றது. அவ்வுறுதி, வந்தவருக்கு நன்றியாகவும் வாராதவருக்கு அழைப்பாகவும் அமைகின்றது. துபாயிலிருந்து விடுமுறைக்கு வருபவன் ஒருநாள் கண்மாய்க் கரைக்கு வந்து நிற்கும்போது, அங்கே ஆட்டம் என்று ஒன்று இருக்க வேண்டுமல்லவா? அதனைக் காத்து வைத்திருப்பவர்கள் இன்று ஏழு விக்கெட்டுகளோடு தோற்கும் எண்மரே.

இறுதியாக நம் இல்லங்களுக்கு ஒரு சொல். ஞாயிறு காலையில் மகன் காலணியை மாட்டிக்கொண்டு கிளம்பும் வேளையில், 'விளையாட்டுத்தானே, ஒரு வாரம் போகாவிட்டால் என்ன?' என்று வாசலில் மறித்து ஒரு வேலையை ஏவும் வழக்கம் நம்மிடையே உண்டு. வீட்டு வேலை முக்கியமானதே. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவ்வேலை ஞாயிறு காலையில் முளைத்ததா, வெள்ளியன்றே தெரிந்ததா? வெள்ளியன்றே தெரிந்திருந்தால் வெள்ளியன்றே சொல்லுங்கள்; அவனும் தன் தோழர்களுக்கு அன்றே சொல்லட்டும். முன்னறிவிப்பின்றி அவனை நிறுத்தும்போது நாம் தடுப்பது ஓர் ஆட்டத்தை மட்டும் அன்று. கொடுத்த சொல்லைப் பெரியவர்கள் ஒரு கையசைப்பில் தள்ளிவிடலாம் என்னும் பாடத்தையும் அவனுக்குக் கற்பிக்கின்றோம். பின்னாளில் அவன் கொடுக்கப் போகும் சொற்களில் நம்மிடம் கொடுக்கும் சொல்லும் இருக்கும் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்ப்பது நலம்.